ஒரே துளையில் ஆறு முடி

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடுவில் வந்து படிப்பவர்களுக்குப் புரியாது. கேட்டவருக்கு வயது 34. இரண்டு வருடமாக உச்சந்தலையில் சீழ்க்கட்டிகள். மாத்திரை போட்டால் அடங்குகிறது, நிறுத்தி மூன்று வாரம் ஆனால் திரும்ப வந்துவிடுகிறது. இப்போது ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு இடம் வழுக்கையாகி, வழவழவென்று பளபளக்கிறது. அதன் ஓரத்தில் ஒரே துளையிலிருந்து ஐந்தாறு முடி கொத்தாகக் கிளம்புகிறது. தோலில் சிறு துண்டு எடுத்துச் சோதித்ததில் 'ஃபாலிகுலைட்டிஸ் டெகால்வன்ஸ்' என்று வந்திருக்கிறது. வீட்டில் இது புழுவெட்டுதான், சின்ன வெங்காயம் தேய் என்கிறார்கள். பிள்ளைகளுக்கு ஒட்டுமா, முடி திரும்ப முளைக்குமா, முடி நட்டுக்கொள்ளலாமா, அடுத்த மாதம் பழனியில் மகளுக்குக் காதுகுத்து, அங்கே தானும் மொட்டை போட வேண்டியிருக்கிறதே, போடலாமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார்.

நான் தோல் மருத்துவன். இத்தனை வருடத்தில் இந்த நோயோடு என்னிடம் வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், அவ்வளவு அரிது. ஆனால் வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் இரண்டு மூன்று வருடம் அங்கே இங்கே அலைந்துவிட்டு, பொடுகு என்றும் சூட்டுக்கட்டி என்றும் பெயர் வாங்கிக்கொண்டு, கையில் ஒரு பை நிறைய ஷாம்பு பாட்டிலோடு வந்தவர்கள். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் புழுவெட்டு விஷயம். நம் ஊரில் தலையில் வட்டமாக முடி போனால் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பெயர்தான். உண்மையில் புழுவெட்டு என்று நாம் சொல்வது, மருத்துவத்தில் அலோபீசியா ஏரியேட்டா. அதில் வலி இருக்காது, சீழ் இருக்காது, பொருக்கு கட்டாது, ஒரு நாள் காலையில் பார்த்தால் முடி இல்லாமல் வழுவழுவென்று ஒரு வட்டம் இருக்கும், அவ்வளவுதான். உற்றுப் பார்த்தால் முடி முளைக்கிற துளைகள் அப்படியே இருப்பது தெரியும். பலருக்கு அது தானாகவே திரும்ப முளைத்துவிடும். வெங்காயத்துக்கு நம் பாட்டிமார்கள் சம்பாதித்து வைத்திருக்கிற பெயரில் பெரும்பகுதி இந்தத் தானாக முளைக்கிற குணத்தால் வந்தது என்பது என் சந்தேகம். சரி, அது வேறு பேச்சு. உங்களுக்கு வந்திருப்பதில் துளையே மூடிப்போய்விட்டது. சீழும் ரத்தமும் கசிகிற தோலில் வெங்காயச் சாற்றையோ ஆற்றுத்தும்மட்டிக்காயையோ தேய்த்தால் எரியும், புண்ணாகும், ஏற்கெனவே வீங்கிக் கிடக்கிற மயிர்க்காலுக்கு இன்னொரு அடி விழும். வேண்டவே வேண்டாம்.

ஏன் இரண்டும் இவ்வளவு வேறு என்பதைப் புரிந்துகொண்டால் மற்ற கேள்விகளுக்கெல்லாம் பாதி பதில் கிடைத்துவிடும். மயிர்க்கால் என்பது தோலுக்குள் சாய்வாக இறங்குகிற ஒரு குழாய். அடியில் குமிழ் மாதிரி ஒரு பகுதி, முடி உற்பத்தியாவது அங்கே. அதற்கு வெகு மேலே, எண்ணெய்ச் சுரப்பி வந்து சேருகிற இடத்துக்குச் சற்றுக் கீழே, சுவரில் ஒரு சின்னப் புடைப்பு இருக்கிறது. பயத்திலோ குளிரிலோ மயிர்க்கூச்செறியும்போது முடியை இழுத்து நிமிர்த்துகிற தசை ஒன்று உண்டல்லவா, அது வந்து ஒட்டுவது இந்தப் புடைப்பில்தான். மயிர்க்காலைத் திரும்பத் திரும்ப உருவாக்கித் தருகிற மூல செல்கள் குடியிருப்பதும் அங்கேதான். 1990-இல் கோட்சரேலிஸ், சன், லாவ்கர் என்ற மூன்று பேர் எலித் தோலில் இதைக் கண்டு சொல்லும் வரை, முடியின் எல்லா ரகசியமும் அடிக்குமிழில் இருக்கிறது என்றுதான் பெரும்பாலோர் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

வயலில் கோரையைப் பிடுங்கியவர்களுக்கு இது உடனே புரியும். மேலே இருக்கிற புல்லை எத்தனை முறை பறித்தாலும் கிழங்கு மண்ணில் இருக்கிற வரை முளைத்துக்கொண்டே இருக்கும். புழுவெட்டில் அழற்சி தாக்குவது அடிக்குமிழை. முடி விழும், ஆனால் மூல செல் தப்பித்துவிடும், எனவே திரும்ப முளைக்க வழி இருக்கிறது. உங்கள் நோயில் அழற்சி மேலே, அந்தப் புடைப்பு இருக்கிற பகுதியிலேயே நடக்கிறது. கிழங்கு போய்விடுகிறது, கூடவே எண்ணெய்ச் சுரப்பியும் போய்விடுகிறது, அந்த இடத்தை உடம்பு தழும்புத் திசுவால் நிரப்பி மூடிவிடுகிறது. கையில் வெட்டுக்காயம் ஆறிய தழும்பில் முடி முளைக்காததைப் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான், ஆயிரம் சிறு துளைகளில் தனித்தனியாக.

ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு நேரடிப் பதில்: பளபளவென்று ஆகிவிட்ட இடத்தில் முடி திரும்ப வராது. எந்த எண்ணெயும், எந்த ஊசியும், முடி வளரப் பூசுகிற மினாக்சிடிலும் தழும்பில் முடி முளைக்க வைக்காது. இதை மென்று விழுங்கிச் சொல்வதில் யாருக்கும் நன்மை இல்லை. ஓரத்தில் சிவந்து, வீங்கி, இன்னும் முடி இருக்கிற பகுதி வேறு. அங்கே சண்டை முடியவில்லை. இனிமேல் செய்கிற வைத்தியமெல்லாம் அந்த ஓரத்துக்காகத்தான். என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் நடுவிலுள்ள வழுக்கையைக் காட்டுவார்கள், நான் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன், "டாக்டர் சரியான இடத்தையே பார்க்க மாட்டேங்கிறாரே" என்று அவர்களுக்குக் கோபம் வரும்.

நோயின் பெயரிலேயே விஷயம் இருக்கிறது. ஃபாலிகுலைட்டிஸ் என்றால் மயிர்க்கால் அழற்சி, டெகால்வன்ஸ் என்பது லத்தீனில் வழுக்கையாக்குகிற என்று பொருள். 1888-இல் பாரிஸில் கெங்கோ என்ற மருத்துவர் இதை முதலில் விவரித்தார், அதனால் பழைய புத்தகங்களில் கெங்கோவின் நோய் என்றும் பார்க்கலாம். இப்போதைய பெயரை 1905-இல் வைத்தவர் ப்ரோக், அவரும் பிரெஞ்சுக்காரர்தான். கெங்கோ சும்மா விவரித்துவிட்டுப் போகவில்லை. நோயாளியின் மயிர்க்காலிலிருந்து கிருமியைப் பிரித்தெடுத்து எலிக்கும் முயலுக்கும் ஏற்றிப் பார்த்தார். அவற்றுக்கு நோய் வரவில்லை. நூற்று முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, அந்த முடிச்சு இன்னும் முழுதாக அவிழவில்லை.

இந்த நோயாளிகளின் சீழை எடுத்துக் கல்ச்சர் செய்தால், அதாவது ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தால், பெரும்பாலும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா வளர்கிறது. ஆன்டிபயாடிக் கொடுத்தால் அடங்குகிறது. அப்படியானால் இது வெறும் கிருமித் தொற்றுதானே என்று தோன்றும். ஆனால் அதே பாக்டீரியாவை ஏறக்குறைய மூன்றில் ஒருவர் மூக்குக்குள் வைத்துக்கொண்டு நடமாடுகிறோம், நீங்களும் நானும் உட்பட யாராக வேண்டுமானாலும் இருக்கலாம், நமக்கெல்லாம் தலை தழும்பாகிப் போகவில்லை. எனவே கிருமி மட்டும் போதாது, அந்தக் கிருமிக்கு இந்த உடம்பு காட்டுகிற எதிர்ப்பு ஏதோ அளவு மீறிப் போகிறது, நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் படையாக வந்து இறங்கி வீட்டையும் சேர்த்து இடித்துவிடுகின்றன என்றுதான் இன்றைக்குப் பெரும்பாலோர் புரிந்துகொண்டிருக்கிறார்கள். எதற்காக இந்தப் பின்னணி என்றால், ஆன்டிபயாடிக்கை நிறுத்தியதும் ஏன் திரும்ப வருகிறது என்பதற்குக் காரணம் இதில்தான் இருக்கிறது. கிருமி குறைந்தால் சண்டை ஓய்கிறது. சண்டைக்குப் போகிற குணம் உடம்பில் அப்படியே இருக்கிறது.

பிள்ளைகளுக்கு ஒட்டுமா என்றால், ஒட்டாது. ஒரே தலையணையில் படுக்கலாம், மடியில் தூக்கி வைத்துக்கொள்ளலாம். மிக அரிதாக ஒரே குடும்பத்தில் இரண்டு பேருக்கு வந்ததாகக் குறிப்புகள் உண்டு, அது பரம்பரைக் கூறாக இருக்கலாம், தொற்று அல்ல. ஆனால் ஒன்று, வீட்டில் குழந்தைக்குத் தலையில் சீழோடு மெத்தென்று ஒரு கட்டி வந்து முடி உதிர்ந்தால், அது இந்த நோய் அல்ல, பெரும்பாலும் கெரியான் என்கிற பூஞ்சைத் தொற்றாக இருக்கும், அது ஒட்டும். அதற்கு வாய்வழிப் பூஞ்சை மருந்து உடனே வேண்டும், தாமதித்தால் அதுவும் தழும்பாகலாம். "அப்பாவுக்கு இருப்பதுதான்" என்று நினைத்துக்கொண்டு விட்டுவிடாதீர்கள்.

இனி அந்தக் கொத்து முடி. பார்த்தவுடன் எல்லோரும் பயப்படுவது அதற்குத்தான். டெர்மாஸ்கோப் என்ற சின்ன லென்ஸை வைத்துப் பார்த்தால் அது ஒரு தனிக் காட்சி: நடவு வயலில் ஒரு குத்துக்கு நாலைந்து நாற்றைச் சேர்த்து ஊன்றியது போல, ஒரே வாயிலிருந்து ஆறு, ஏழு, சில சமயம் பத்துக்கு மேலும் முடி நிமிர்ந்து நிற்கும். அடியில் மஞ்சளாகச் செதில் ஒரு குழாய் மாதிரி சுற்றிப் பிடித்திருக்கும், சுற்றி ஒரு சிவப்பு வளையம். ஆரோக்கியமான தலையிலும் ஒரு துளையில் இரண்டு மூன்று முடி சேர்ந்து வருவது சகஜம்தான், ஐந்தைத் தாண்டினால்தான் சந்தேகப்பட வேண்டும். இது எப்படி ஆகிறது என்றால், பக்கத்துப் பக்கத்து மயிர்க்கால்களின் மேல்பகுதி அழற்சியில் சிதைந்து, தழும்பு சுருங்கும்போது எல்லாவற்றையும் ஒரே வாய்க்கு இழுத்துவிடுகிறது. கீழே வேர்கள் தனித்தனியாகத்தான் இருக்கும்.

பயமுறுத்துகிற இந்தக் கொத்தை மட்டும் வைத்து நோயின் கடுமையைச் சொல்லிவிட முடியாது. 2015-இல் ஸ்பெயினில் பல மருத்துவமனைகள் சேர்ந்து 82 நோயாளிகளைத் தொகுத்துப் பார்த்தார்கள், 52 ஆண், 30 பெண், சராசரி வயது 35. இவ்வளவு அரிய நோய்க்கு 82 என்பதே பெரிய எண்ணிக்கை. கடுமையான வகையோடு சேர்ந்து வந்தவை இரண்டு விஷயங்கள்தான்: 25 வயதுக்கு முன்பே நோய் தொடங்கியிருப்பது, முடி போன இடத்துக்கு உள்ளேயே சீழ்க்கொப்புளம் இருப்பது. கொத்து முடி அந்தப் பட்டியலில் இல்லை. உங்களுக்குத் தொடங்கியது 32 வயதில். கொப்புளம் ஓரத்தில் மட்டும் இருக்கிறதா, வழுக்கைக்குள்ளும் இருக்கிறதா என்று வீட்டில் யாரையாவது நல்ல வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள். தயவுசெய்து அந்தக் கொத்துகளைப் பிடுங்காதீர்கள், கொப்புளத்தைக் கிள்ளாதீர்கள்.

பயாப்ஸி, அதாவது தோலில் துண்டு எடுத்துச் சோதிப்பது, பற்றிக் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் அதிகம் சொதப்புவது இங்கேதான். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, நாலு மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு வட்டக் கத்தியை முடி சாய்ந்திருக்கிற அதே கோணத்தில் இறக்கி, கொழுப்புப் படலம் வரை போய் ஒரு சின்ன உருளையாக எடுப்போம். பிறகு ஒரு தையல், பத்து நிமிட வேலை. ஆனால் எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில் எல்லாம் இருக்கிறது. வழவழப்பான நடுப்பகுதியில் எடுத்தால் நுண்ணோக்கியில் தழும்பு மட்டும்தான் தெரியும். வீடு எரிந்து முடிந்து சாம்பலைப் பார்த்து எப்படித் தீப்பிடித்தது என்று கேட்பது மாதிரி. சிவந்த ஓரத்தில், இன்னும் முடி நிற்கிற இடத்தில் எடுத்தால்தான் நியூட்ரோஃபில்கள் தெரியும், சற்று நாள்பட்டதென்றால் லிம்ஃபோசைட், பிளாஸ்மா செல் என்ற வேறு வகை வெள்ளையணுக்களும் சேர்ந்திருக்கும். முடிந்தால் இரண்டு துண்டு எடுத்து, ஒன்றை நெடுக்காகவும் ஒன்றைக் குறுக்காகவும் வெட்டிப் பார்ப்பது நல்லது. உங்கள் அறிக்கையில் வெறும் தழும்பு என்று இல்லாமல் நியூட்ரோஃபில், பிளாஸ்மா செல் என்றெல்லாம் எழுதியிருப்பதாகச் சொல்கிறீர்கள், எனவே சரியான இடத்தில்தான் எடுத்திருக்கிறார்கள். சீழைக் கல்ச்சருக்கு அனுப்பினார்களா என்று கேளுங்கள். எந்த மருந்துக்கு அந்தக் கிருமி கட்டுப்படும் என்று தெரிந்தால் வீணாக நாலு மாத்திரை மாற்ற வேண்டாம். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்தால் ஒன்றும் வளராமல் போகலாம், அதையும் கவனிக்க வேண்டும். மூக்கிலும் ஒரு பஞ்சுக் குச்சியைச் சுழற்றி எடுத்து அனுப்புவது உண்டு. அங்கே இருந்தால் களிம்பு கொடுப்போம்.

இந்த இடத்தில் ஒரு கோபத்தையும் சொல்லிவிடுகிறேன். மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கிறதே, ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாடிக்கும் ஒரே டியூபில் கலந்த கிரீம், அதை ஒரு வருடம் பூசிவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். சிவப்பு மறைந்துவிடும், அரிப்பு அடங்கிவிடும், உள்ளே நோய் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். பூஞ்சையாக இருந்தால் இன்னும் மோசம், அடையாளமே தெரியாமல் பரவும்.

சரி, வைத்தியம். நிரந்தரமாகக் குணமாக்குகிற மருந்து இன்று இல்லை. அடக்கி வைக்க முடியும், பல மாதம், சிலருக்குப் பல வருடம்.

லேசாக இருந்தால் பெரும்பாலும் டாக்ஸிசைக்ளினில் தொடங்குவோம், 100 மி.கி., சில மாதங்களுக்கு. கிருமியை அடக்குவதோடு அழற்சியையும் தணிக்கிற குணம் அதற்கு உண்டு. ஒரு தம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும். பால், இரும்புச்சத்து மாத்திரை இவற்றோடு சேர்த்து எடுத்தால் மருந்து உடம்பில் சேர்வது குறையும். வெயிலில் தோல் கறுத்துக் காந்தும், மதிய வெயிலில் பைக்கில் சுற்றுகிற வேலை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். கூடவே ஓரத்தில் பூச ஸ்டீராய்டு லோஷன் அல்லது நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு முறை அந்த ஓரத்திலேயே ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி. ஊசி கொஞ்சம் வலிக்கும், அளவு மீறினால் தோல் குழிந்துபோகும், ஆனால் அரிப்புக்கும் எரிச்சலுக்கும் அது கொடுக்கிற நிம்மதியைப் பல நோயாளிகள் வாயாரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அதற்கு அடங்காவிட்டால் ரிஃபாம்பிசின், கிளிண்டமைசின் என்ற இரண்டு ஆன்டிபயாடிக்குகள் சேர்த்து. இரண்டும் 300 மி.கி., நாளைக்கு இரண்டு வேளை, பத்து வாரம். 1999-இல் ஆக்ஸ்போர்டு மருத்துவர்கள் 18 பேருக்கு இதைக் கொடுத்துப் பார்த்து எழுதினார்கள். 10 பேருக்கு ஒரே சுற்றில் அடங்கி, கவனித்த காலம் வரை, அதாவது ஆளுக்கேற்ப 2 முதல் 22 மாதம் வரை, திரும்ப வரவில்லை. இரண்டு மூன்று சுற்று கொடுத்ததில் அடங்கியவர்களையும் சேர்த்தால் 15 பேர். நான் மேலே சொன்ன ஸ்பெயின் தொகுப்பில், டாக்ஸிசைக்ளின் வகை மாத்திரைகளில் 90 சதவீதம் பேருக்குக் கேட்டு, அந்த நிம்மதி சராசரியாக 4.6 மாதம் நீடித்தது. ரிஃபாம்பிசின் சேர்க்கையில் எல்லோருக்கும் கேட்டு 7.2 மாதம் நீடித்தது. கவனியுங்கள், மாதம்தான், வருடம் இல்லை. உங்களுக்கு மூன்று வாரத்தில் திரும்புகிறது என்றால், எந்த மாத்திரையை எத்தனை நாள் சாப்பிட்டீர்கள் என்பதுதான் என் முதல் கேள்வியாக இருக்கும். ஐந்து நாள், ஏழு நாள் என்று காய்ச்சலுக்குச் சாப்பிடுவது போலச் சாப்பிட்டிருந்தால் அதை வைத்தியம் என்றே கணக்கில் சேர்க்க மாட்டேன்.

ரிஃபாம்பிசின் நம் நாட்டில் சாதாரண விஷயம் இல்லை. காசநோய்க்கு நாம் நம்பியிருக்கிற முதல் வரிசை மருந்து அது. உடம்பில் தெரியாமல் காசநோய் இருந்து, இதைத் தோலுக்கென்று பத்து வாரம் சாப்பிட்டால், காசநோய்க் கிருமி அந்த மருந்துக்குப் பழகிப்போய்விடக்கூடும். அதனால் நெஞ்சு எக்ஸ்ரே, தேவைப்பட்டால் மற்ற சோதனைகள், ஈரல் சோதனை எல்லாம் பார்த்த பிறகுதான் தொடங்குவேன், சில பேருக்குத் தொடங்கவே மாட்டேன். தனியாக அதை மட்டும் கொடுக்கவே கூடாது, ஸ்டாஃபிலோகாக்கஸும் சட்டென்று பழகிக்கொள்ளும். மருந்துக்கடையிலும் இது பதிவேட்டில் பெயர் எழுதி விற்க வேண்டிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. இன்னொரு நெளிவும் உண்டு: ரிஃபாம்பிசின் ஈரலைத் தூண்டிவிட்டு, கூடவே போகிற கிளிண்டமைசினையே ரத்தத்தில் வெகுவாகக் குறைத்துவிடுகிறது. அப்படியும் இந்தச் சேர்க்கை வேலை செய்கிறது என்பது வேடிக்கைதான். கருத்தடை மாத்திரை, சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடுவது, எல்லாவற்றின் வலுவையும் அது குறைக்கலாம், எனவே என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒன்று விடாமல் சொல்லுங்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், கண்ணீர்கூட நிறம் மாறும், பதற வேண்டாம். நான் சொல்ல மறந்த ஒரு நோயாளி ரத்தம் போகிறது என்று இரவு பதினோரு மணிக்குப் போன் செய்தார், அன்றிலிருந்து சீட்டிலேயே எழுதிவிடுகிறேன். கிளிண்டமைசினில் வயிற்றுப்போக்கு கடுமையாக வந்தால் மட்டும் நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள்.

இவற்றுக்கு மேலும் இருக்கிறது. தொழுநோய்க்குக் கொடுக்கிற டாப்ஸோன் கொடுப்பதுண்டு, அதற்கு முன்னால் ஜி6பிடி என்ற நொதிக்கான சோதனை கட்டாயம், அந்த நொதி குறைவாக இருப்பவர்களுக்கு ரத்த அணுக்கள் உடைந்துவிடும். கடுமையான முகப்பருவுக்குக் கொடுக்கிற ஐசோட்ரெட்டினாயின் சிலருக்கு நன்றாகக் கேட்கிறது, சிலருக்குத் துளிகூடக் கேட்பதில்லை. பெண்களுக்கு என்றால் கர்ப்பமே கூடாது. யாருக்கானாலும் அதை டாக்ஸிசைக்ளினோடு சேர்க்கவே கூடாது. எதற்கும் அடங்காதவர்களுக்கு உடம்பின் எதிர்ப்பைத் தணிக்கிற அடலிமுமாப் போன்ற ஊசிகள், ஒளி வைத்தியம் என்று முயன்றிருக்கிறார்கள். விலை, காசநோய் அபாயம் இரண்டையும் யோசித்துத்தான் அந்தப் பக்கம் போவது.

வீட்டில் செய்ய வேண்டியது அதிகம் இல்லை. தலைக்குக் குளிக்கப் பயப்படாதீர்கள், பொருக்கோடு முடி வருகிறதே என்று பலர் பத்து நாள் குளிக்காமல் வருகிறார்கள், அந்தப் பொருக்குக்குக் கீழேதான் சீழ் தங்குகிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவிட்டு, மென்மையாகக் கழுவினால் போதும். சீழ் இருக்கிறபோது எண்ணெய் வைத்து அழுத்தித் தேய்ப்பது வேண்டாம். ஹெல்மெட் போடாமல் வண்டி ஓட்டுங்கள் என்று சொல்ல மாட்டேன், உள்ளே ஒரு பருத்தித் துணி கட்டிக்கொண்டு அதைத் தினம் துவையுங்கள். தலையணை உறையில் காலையில் மஞ்சளும் சிவப்புமாகப் பொட்டுப் பொட்டாகக் கறை இருக்கிறதா என்று பாருங்கள், நோய் அடங்கிவிட்டதா இல்லையா என்பதை எந்த ஸ்கேனைவிடவும் அது நேர்மையாகச் சொல்லும். மாதம் ஒரு முறை, ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து வையுங்கள். இதை முதலில் பார்ப்பது பெரும்பாலும் முடிவெட்டுகிறவர்தான். "சார், உச்சியில ரெண்டு மூணு கட்டி இருக்கு, பாத்துக்குங்க" என்று அவர் சொன்னதால்தான் சீக்கிரம் வந்த நோயாளி எனக்கு உண்டு. உங்கள் முடிவெட்டுகிறவரிடமும் சொல்லி வையுங்கள், புதிதாக எங்காவது தெரிந்தால் சொல்வார்.

முடி நடவுக்கு வருகிறேன். இப்போது வேண்டாம். விளம்பரத்தில் முன்னால் பின்னால் படம் போட்டிருப்பதெல்லாம் சாதாரண ஆண் வழுக்கைக்கு, அங்கே நடுகிற மண் நல்ல மண். உங்களுக்கு நடப்போவது தழும்பில், ரத்த ஓட்டம் குறைவு, பிடிப்பது குறைவு. அதைவிட முக்கியம், நோய் அடங்காமல் நட்டால் புதிதாக வைத்த மயிர்க்காலையும் அது தின்றுவிடும், அந்தக் காயமே நோயைக் கிளப்பியும் விடலாம். மருந்தே இல்லாமல் குறைந்தது இரண்டு வருடம் ஒரு கொப்புளம்கூட வராமல் இருந்தால், அப்போது மறுபடி ஒரு பயாப்ஸி பார்த்துவிட்டு, கொஞ்சம் இடத்தில் மட்டும் நட்டுப் பார்த்து, பிடித்தால் மேலே யோசிக்கலாம். முதல் சந்திப்பிலேயே இத்தனை ஆயிரம் முடி, இத்தனை ரூபாய் என்று சொல்கிற இடமாக இருந்தால், உங்கள் பயாப்ஸி அறிக்கையை அவர் படித்தாரா என்று மட்டும் கேளுங்கள். அதுவரை சுற்றியுள்ள முடியைச் சற்று நீளமாக விட்டு மூடலாம், சீழ் இல்லாத நாட்களில் தூவுகிற முடித்தூளும் உதவும்.

புற்றுநோயாக மாறுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இணையத்தில் தேடினால் கண்ணில் பட்டுத் தூக்கம் போய்விடும் என்பதால் சொல்கிறேன். மிக நீண்ட காலம் ஆறாமல் இருந்த தழும்பில் புற்று வந்ததாக அரிதாக எழுதியிருக்கிறார்கள். மாதக்கணக்கில் ஆறாத புண், தடித்து வளர்கிற புண் என்று ஏதாவது இருந்தால் காட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். அதற்காக இப்போதே கவலைப்பட ஒன்றும் இல்லை.

கடைசியாக பழனி. கொப்புளம் இருக்கிற தலையில் சவரக்கத்தி படக்கூடாது. கொப்புளத்தின் முனை சீவிப்போகும், கிருமி பக்கத்துத் துளைகளுக்குப் போகும், வெட்டுப்பட்டு வழிகிற ரத்தத்தைப் பார்த்துப் பக்கத்தில் இருப்பவர்களும் பயப்படுவார்கள். மொட்டை போட்டால் அடர்த்தியாக முளைக்கும் என்று யாராவது சொல்வார்கள், கத்தி வெட்டுவது தோலுக்கு மேலே இருக்கிற முடியை, கிழங்கு இருக்கிற இடத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வேண்டுதலை நான் குறை சொல்லவில்லை, என் வீட்டிலும் உண்டு. மகளுக்கு மொட்டை போட்டுக் காது குத்துங்கள், நீங்கள் இந்த முறை பக்கவாட்டில், நல்ல தோல் இருக்கிற இடத்தில், கத்தரியால் பூமுடி மட்டும் கொடுத்துவிட்டு வாருங்கள். மருந்துக்கு அடங்கி, ஆறு மாதம் தலையணை உறையில் கறை இல்லாமல் இருந்தால் அடுத்த வருடம் மிஷின் வைத்து ஒட்ட வெட்டிக்கொள்ளலாம், அப்போதும் கத்தி வேண்டாம்.